சுண்டுவிரல் கணக்கு

வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றனுங்க. அந்தச் சனத்து மொழில மழைக்கு என்ன, உப்புக்கு என்ன, கோவம் வந்தா எப்படித் திட்டுவாங்க, எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். எண்ணுறதை மட்டும் கேக்காதீங்க. அந்த எண்ணிக்கையாலதான் என்ற குடும்பம் இன்னிக்கு மேல பாதி கீழ பாதின்னு கெடக்குது.

கோவமெல்லாம் இல்லீங்க. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது பாருங்க. காலேஜுல மொழி ஆராய்ச்சிங்கறீங்க. இருக்கலாம். பஸ்சுல பக்கத்து சீட்டுல உக்காந்தவன்கிட்ட, ஊரு பேரு கேக்காம, 'உங்க சம்சாரத்து சனம் ஒண்ணு ரெண்டு எப்படிங்க எண்ணுவாங்க'ன்னு எடுத்த எடுப்புல கேட்டா எவனுக்குத்தான் சந்தேகம் வராது? என்ற சம்சாரம் மலை மேல ஊருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கண்டக்டர் சொன்னானா. அவன் சொல்லுவான். ஊரு வாயை மூட உலைமூடி ஏதுங்க.

சரி, எப்படியும் ஆனை ரோட்டை உட்டு எறங்குனாத்தான் வண்டி நவுரும். செக்போஸ்ட்டுக்காரன் கேட்டை எறக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டான். ஆனைகிட்டப் போயி நேரமாச்சுன்னு யாரு சொல்றது. அது வரைக்கும் சொல்றேன். மொதல்ல மடில இருக்கிற அந்தப் பேச்சுப் பதியற மிசினை அமத்துங்க. செவப்பு லைட்டு இன்னும் எரியுது பாருங்க. ம். இப்பச் சரி.

என்ற பேரு நாச்சிமுத்து. கீழ கரும்பாலைக்குப் போற ரோட்டுல ஒரு எடைமேடை இருக்குது, அதுல ஆப்பரேட்டரு. லாரி ஏறும், எடை சொல்லுவேன், சீட்டுக் கிழிச்சுக் குடுப்பேன். கேக்கறதுக்கு லேசா இருக்கும். உக்காந்து பாத்தாத்தான் தெரியும் மனுசன் எத்தனை தினுசுன்னு. லோடோட ஏறுறப்ப டிரைவரு, கிளீனரு, வழில ஏத்துன ஆளுங்க அத்தனை பேரும் கேபினுக்குள்ளயே குந்தியிருப்பான். காலி வண்டியா திரும்ப ஏறுறப்ப எல்லாம் எறங்கி டீ குடிக்கப் போயிருவான். இன்னொருத்தன் வண்டிக்கடில டிரம்முல தண்ணி ரொப்பிக்கிட்டு வருவான். காலி எடைக்கு ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளிய ஒரு சாண் தள்ளி நிறுத்திட்டு, ஒண்ணுமே தெரியாதவனாட்ட வானத்தைப் பாப்பான். அதனால நான் யாரையும் நம்பறதில்லீங்க. நம்பாததால இதுவரைக்கும் ஒரு நட்டமும் வந்ததில்ல. எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மாவா ஓடும்?

கேத்தியை நான் பாத்ததே அந்த மேடைலதான். மஞ்சள் வெட்டுக்கு மேல இருந்து ஆளுங்க எறங்குவாங்க, அதுல வந்திருந்தா. தண்ணி கேக்கறதுக்கு ரூமுக்கு வந்தவ மேடை மேலயே நின்னுட்டா. நான் உள்ள இருக்கேன், வண்டியே இல்ல, மீட்டர்ல நாப்பதுன்னு காட்டுது. எவனோ திருட்டு வேலை பண்றான்னு கத்திக்கிட்டு வெளிய ஓடியாந்தா, இவ சொம்பை வெச்சுக்கிட்டு நிக்கறா. ஏமாத்தாம எடை காட்டுன மொத ஆளு அவதாங்க. அப்பறம் என்ன. அவ சனத்துல ஒண்ணும் சொல்லல. எங்க சனத்துலதான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிச்சாங்க. என்ற அண்ணனுங்க ரெண்டு பேரும் அன்னியோட பேச்சை நிறுத்துனவனுங்க, இன்னிக்கு வரைக்கும் பேசலை. பரவால்லைன்னு கோயில்ல தாலி கட்டுனேன்.

நல்லாத்தான் இருந்தமுங்க. அவளுக்கு ஒரு கொறையும் நான் வெக்கல. மேகலா பொறந்துச்சு. இப்ப அது ஸ்கூலுக்குப் போகுது. நாங்க எல்லாம் மேகலா மேகலான்னு கூப்படறோம், கேத்தி மட்டும் அதை 'ஒட்டி'ம்பா. ஒட்டி வா, ஒட்டி சாப்படு. ஏதோ செல்லப் பேருன்னு உட்டுட்டேன். அம்மாகாரி புள்ளையை ஆயிரம் பேரு சொல்லிக் கூப்படறா, அதையெல்லாமா எடை போட்டுக்கிட்டு இருப்பாங்க.

போன ஆடி மாசம் அவ அண்ணன் தொட்டமாதன் கீழ வந்திருந்தான். வந்தா வெறுங்கையோட வரமாட்டான். ராகியோ தேனோ கொண்டாருவான். வெல்லப்பாகு கலந்திருக்குதான்னு நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டுத் தண்ணில உட்டுப் பாப்பேன். கலந்ததில்லீங்க. ஆனாலும் பாத்துக்கறது நல்லது. அன்னிக்கு வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, புள்ளையை மடில வெச்சு, அது கையை விரிச்சு வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்தான். நான் பக்கத்துல சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கேன். மாமன்காரன் மோதிர விரலைத் தொட்டு என்னமோ கேக்கறான். புள்ளை சிரிச்சுக்கிட்டே, 'ஒட்டி, நானு'ங்குது. சுண்டுவிரலைத் தொடறான். 'கிருளி, அது அக்கா'ங்குது.

காத்தடிக்கிறதை நிறுத்திட்டனுங்க. எந்த அக்கா?

தொட்டமாதன்கிட்ட சாதாரணமாத்தான் கேட்டேன், ஒட்டின்னா என்ன மச்சான்னு. மறைக்கல அவன். ரெண்டாவது மாப்ள, பெத்ததுல ரெண்டாவதுன்னான். ரெண்டாவதுன்னா மொதலாவது எங்கன்னு கேட்டேன். அவன் கேத்தியைப் பாத்தான். கேத்தி மொறத்துல ராகி பொடச்சுக்கிட்டு இருந்தவ, அப்படியே எந்திரிச்சு உள்ள போயிட்டா. அந்த எந்திரிச்சுப் போனது இருக்குது பாருங்க, அதுதான் என்னக் கொன்னுருச்சு. தப்பு இல்லாதவ எதுக்கு எந்திரிக்கணும்?

உங்களுக்கு வேணுங்கறது அந்த எண்ணிக்கைதானே, கேட்டுக்கங்க. அதுலதான் அவிய சூட்சுமமே இருக்குது. மூட்டை, மாடு, தேனடை இதையெல்லாம் நம்மளாட்டத்தான் எண்ணுவாங்க, சித்தெ கன்னடம் கலந்து. பெத்த புள்ளைங்களை மட்டும் அந்த நம்பர்ல எண்ணக் கூடாது. மூட்டைக்குச் சொல்ற வார்த்தையைப் புள்ளைக்குச் சொன்னா ஆகாதாம். அதுக்குன்னு தனியா விரல் பேரு. சுண்டுவிரல் கிருளி, மோதிர விரல் ஒட்டி, நடுவிரல் நெகலி, ஆள்காட்டி தோரி. கட்டை விரல் கணக்குல வராது, அது தாய்க்கு. அஞ்சாவதுன்னா அடுத்த கைக்குப் போயிரணும். வயித்துல புள்ளை அசைஞ்ச அன்னிக்கு அவளோட அண்ணனோ தம்பியோ வந்து அந்த விரலைப் புடிச்சுப் பேரைச் சொல்லுவான். பொறந்ததுக்கு அப்பறம், அப்பன்காரன் ஊரு முன்னால நின்னு, மொதல் விரல்ல இருந்து வரிசையாத் தொட்டுச் சொல்லணும். அதோட அது அவன் புள்ளை. மேகலாவுக்கு அப்படிச் சொல்ல என்னைக் கூப்புட்டாங்க. நான் போகலீங்க. சீசன் நேரம். அதுவுமில்லாம இந்த விரல் கூத்துக்கெல்லாம் யாரு போறது? கீழயே கோயில்ல பேரு வெச்சுட்டேன்.

அன்னியில இருந்து எனக்குச் சோறு எறங்கல. என்னைக் கட்டறதுக்கு முன்னாடியே இவளுக்கு ஒரு புள்ளை. அதுவும் பொட்டப்புள்ளை. மேல எங்கியோ வளருது. அண்ணனுக்குத் தெரியும், என்ற மகளுக்கே தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாது. யோசிச்சுப் பாருங்க, தாலி கட்டுனவன் மனசு எப்படி இருக்கும்னு. அவ முகத்தைப் பாத்தா பழையபடிதான் இருக்குது. சிரிச்சா, எதுக்குச் சிரிக்கறான்னு இருக்கும். சும்மா இருந்தா, யாரை நெனச்சுக்கிட்டு இருக்கறான்னு இருக்கும். நெம்ப வெசனப்பட்டுட்டனுங்க.

நேராக் கேட்டா நேராப் பதில் வராது. அது என்ற தொழில் சொல்லிக் குடுத்தது. அதனால ஒரு நாளு லீவு போட்டுட்டு, தேன் வாங்கறவனாட்ட மேல போனேன். கொழுந்து கிள்ளிக்கிட்டு இருந்த ஒரு பொம்பளைகிட்டப் பேச்சுக் குடுத்து, நம்ம தொட்டமாதன் தங்கச்சி கேத்தி இருக்குதே, அதுக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேட்டேன். நிமுந்துகூடப் பாக்காம ஒட்டின்னா, அதாவது ரெண்டு. கடைல ஒரு ஆளைக் கேட்டேன், ஒட்டி. கோயில் பூசாரியைக் கேட்டேன், அவனும் ஒட்டி. கேட்ட அத்தனை பேரும் ஒரே சொல்லு. நெசமா இருந்தா ஒருத்தனாவது மாத்திச் சொல்லுவானுங்களே. ஊரே கூடிப் பேசி வெச்சிருக்குது. வரும்போது பாரஸ்ட் வாட்சர் ஒருத்தன் என்னப் பாத்துச் சிரிச்சான். அவன் எதுக்குச் சிரிக்கணும்? அவன் மூக்கையும் மேகலா மூக்கையும் மனசுக்குள்ளயே வெச்சுப் பாத்தேன். ஒத்துப் போகல. அந்த மூத்ததோட மூக்கு எப்படியோன்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறுனேன்.

மறுபடியும் போயி, அந்த ஊரைச் சுத்தி மேகலாவுக்கு மூத்த வயசுல இருக்கிற பொட்டப்புள்ளைங்களை எல்லாம் உத்து உத்துப் பாத்தனுங்க. ஒண்ணு ஓடியே போயிருச்சு பயந்துக்கிட்டு.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். கேத்தி அரிசில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. அப்ப அவ மறுபடியும் முழுகாம இருந்தா, சொன்னேனா, இல்லியா, அஞ்சாவது மாசம். அதுக்கும் அவ அண்ணன் வந்து நடுவிரலைப் புடிச்சு நெகலின்னு சொல்லிட்டுப் போயிட்டான். நெகலின்னா மூணாவது. என்ற கணக்குக்கு ரெண்டுதான் வருது. என்னால அடக்க முடியல. எதுக்க உக்காந்து கேட்டுட்டேன்.

"அந்த மொதப் புள்ளை யாருக்குப் பொறந்துச்சு கேத்தி?"

பொறுக்கற கையி நின்னுருச்சு. என்னையே பாத்தா. அவிய மொழில நீங்கங்கற பேச்சே கெடையாது, என்னையும் நீன்னுதான் சொல்லுவா.

"உனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். அழுகலை, சத்தம் போடலை. எனக்கு எப்படித் தெரியும், நானா அப்பப் பக்கத்துல இருந்தேன்னு கத்துனேன்.  அவ மிச்சம் இருந்த அரிசியைப் பொறுக்கி முடிச்சா. ஒலை வெச்சா. சோறு வடிச்சுப் புள்ளைக்கு ஊட்டுனா. எனக்கும் தட்டுல போட்டு மூடி வெச்சா. துணியை ஒரு பையில எடுத்துக்கிட்டு, மேகலாவைக் கையில புடிச்சுக்கிட்டு, சாயந்தர பஸ்சுக்குப் போயிட்டா. நான் அந்தச் சோத்தைத் தொடல. எந்த மனசோட வடிச்சாளோ. நாய்க்குப் போட்டுட்டேன். நாய் நல்லாத்தான் இருக்குது.

அவ இல்லாத ஊட்டுல இருக்க முடியலீங்க. அதைச் சொல்றதுக்கு வெக்கம் என்ன. மேகலாவோட செருப்பு ஒண்ணு கட்டிலுக்கடில கெடக்குது, அதை எடுத்து வெக்கறதா, கெடக்கட்டும்னு உடறதான்னு தெரியாம நின்னுக்கிட்டு இருப்பேன். ஆனா போயிக் கூப்படறதுக்கு மனசு வரல. ஏமாத்துனவ அவ, எறங்கி வரவேண்டியவ அவதானே.

போன வாரம் தொட்டமாதன் எடைமேடைக்கே வந்துட்டான். ரூமுக்குள்ள வரச் சொன்னேன், வரல. மேடைக்கு அக்கட்டாலயே நின்னான். நான் வெளிய போனேன். சுத்தி வளைக்காம சொன்னான்.

"கிருளி உன்றதுதான் மாப்ள. கண்ணாலம் ஆன அடுத்த மழைக்கு, ஆறாம் மாசத்துல போச்சே, அதுதான்."

அப்பத்தானுங்க எனக்கு அந்த ஞாபகமே வந்துச்சு. ஆமா, ஒண்ணு நடந்துச்சு. மேகலாவுக்கு முன்னால. நல்ல சீசன் நேரம், லாரி வரிசை கட்டி நிக்குது, ஆளு வந்து கூப்புட்டான், ஆசுபத்திரிக்கு ஓடுனேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மூச்சே உடாம பொறந்தது. அது எங்க நாட்டுல அடிக்கடி நடக்கறதுங்க. எங்க பெரியம்மாவுக்கு அந்த மாதிரி எத்தனையோ. யாரு கணக்கு வெச்சா?

சொல்லுங்க, நீங்க படிச்சவரு. அது ஒரு புள்ளைங்களா? எங்க மேடைல அஞ்சு கிலோவுக்குக் கம்மின்னா மீட்டரே அசையாது. சைபர்னுதான் காட்டும். அதுக்காக மேடை மேல ஒண்ணும் இல்லைன்னா அர்த்தம்னு ஒரு டிரைவரு என்கூடச் சண்டைக்கு வந்தான் ஒரு நாளு, அது வேற கதை. நான் சொல்ல வர்றது, மீட்டர்ல வராததை நான் சீட்டுல எழுத முடியுமா?

இதைத்தான் தொட்டமாதன்கிட்டயும் சொன்னேன். அது ஒரு புள்ளையா மச்சான், மூச்சுகூட உடலியேன்னேன். அவன் கோவப்படலை.

"அசைஞ்சுது. அசைஞ்ச அன்னிக்கு நான்தான் அவ சுண்டுவிரலைப் புடிச்சேன். குடுத்த வெரலைத் திரும்ப வாங்க முடியாது மாப்ள."

அப்பறம் விசயத்தைச் சொன்னான். அந்தக் கூட்டம் நாளைக்கு, அவிய ஊருல எல்லாரும் கூடறாங்களாம். நான் வந்து, கேத்தி கையைப் புடிச்சு, மொதல்ல இருந்து வரிசையா விரல் தொட்டுச் சொல்லணுமாம். மேகலாவுக்குச் சொல்லாம உட்டதையும் சேத்து. சொன்னா, அன்னிக்கே என்கூடக் கெளம்பி வந்துருவா. சொல்லலைன்னா அவ கீழ வரமாட்டா. பொறக்கப் போற புள்ளைக்கு மாமன்காரன் அவனே நின்னு சொல்லிக்குவான். அப்பன் எண்ணாத புள்ளை மாமன் புள்ளைன்னு அவிய வழக்கம். மேகலாவும் அதுலதான் சேரும். கூட்டத்துக்கு அப்பறம் நான் போயி எத்தனை தடவை கூப்புட்டாலும் ஆகாதாம்.

கேத்தியே இதைச் சொல்லி அனுப்புனாளான்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லலியாம். அதுலயும் எனக்குச் சந்தேகந்தான். சொல்லி அனுப்பாமலா இவன் அத்தனை தூரம் எறங்கி வருவான்?

இப்ப அதுக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன். வேற வழி? புள்ளை வேணும், அவ வேணும், வயித்துல இருக்கறது வேணும். ஆனா இதுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. நாலு பேருக்கு முன்னால ஒருத்தனை ரெண்டை மூணுன்னு சொல்ல வெச்சுட்டா, அப்பறம் அவனை எதுக்கு வேணும்னாலும் தலையாட்ட வெக்கலாம். பின்னால ஒரு நாளு அந்த வாட்சரு ஒரு புள்ளையைக் கூட்டியாந்து நிறுத்தி, நீதான் ஊரு முன்னால கிருளி உன்றதுன்னு ஒத்துக்கிட்டியேன்னு சொன்னா நான் என்ன பண்றது? கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி வேண்டாமா?

அதனால நான் ஒரு ரோசனை பண்ணி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அவ கையைப் புடிக்கறப்ப அந்தச் சுண்டுவிரலை மடக்கி என்ற உள்ளங்கைக்குள்ள வெச்சுக்குவேன். வெளிய தெரியாது. மோதிர விரல்ல இருந்து, ஒட்டி, நெகலின்னு சட்டுனு சொல்லிட்டு உட்டுருவேன். கூட்டத்துல சத்தம் இருக்கும், வேகமாச் சொன்னா எவனுக்குத் தெரியப் போகுது. ரெண்டு நாளா அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒட்டி, நெகலி. ஒட்டி, நெகலி. நாக்குல வந்துருச்சு.

என்ன கேட்டீங்க?

எங்க பொதச்சேன்னா? அது எதுக்குங்க உங்களுக்கு? அதையும் ஆராய்ச்சி பண்றீங்களா?

இல்ல, சொல்றதுக்கு என்ன. ஆசுபத்திரில நர்சம்மா துணில சுத்தி என்ற கையில குடுத்துச்சு. அப்பன்தானே, கொண்டு போங்கன்னுச்சு. கேத்தி மயக்கத்துல கெடக்கறா. அண்ணனுங்களுக்கு ஆளு உட்டுக் கேட்டேன், வெள்ளாமைக் காட்டுல ஒரு ஓரமா எடம் குடுங்கன்னு. மலைக்காரி வயித்துல வந்ததுக்கு எங்க காட்டுல எடம் இல்லைன்னுட்டானுங்க. கையில வெச்சுக்கிட்டு எங்க போறது. மழை வேற தூறுது. சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு எடைமேடைக்குத்தான் வந்தேன். லாரிக்காரனுங்க ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கறானுங்க, இருங்கடான்னுட்டு ரூமுக்குப் பின்னால போனேன்.

பொதைக்கறதுக்கு முன்னால துணியைப் பிரிச்சுப் பாத்தனுங்க. ஆசுபத்திரில மாத்திக் கீத்திக் குடுத்திருந்தா? அங்க என்ன வேணும்னாலும் நடக்கும். அதுக்காகத்தான் பிரிச்சேன். பொட்டப்புள்ளை. கையி இத்தனூண்டு, என்ற கட்டை விரல் மொனை அளவுதான் இருக்கும். விரலெல்லாம் இருந்துச்சு. எண்ணிப் பாத்தேன், ஏதாவது கொறைஞ்சிருக்குதான்னு. கொறையல. அந்தக் கையிலயும் சுண்டுவிரல் இருந்துச்சு. நகங்கூட இருந்துச்சுங்க.

நல்லா ஆழமாத்தான் தோண்டுனேன், நாய் கீய் வரக்கூடாதுன்னு. ரோட்டோரம் ஒரு பழைய மைல்கல்லு கெடந்துச்சு, உருட்டியாந்து மேல நட்டு வெச்சேன். அந்த மூலைல வண்டி எதையும் பின்னால எடுக்க உடமாட்டேன். ஓனரு கேட்டாரு, ஏய்யா அத்தனை எடத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்கேன்னு. செப்டிக் டேங்குங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். எடம் விசயத்துல யாருக்கும் உள்ளதைச் சொல்லக் கூடாதுங்க.

கேத்திக்கா? அவளுக்கும் சொல்லல. கண்ணு முழிச்சதும் கேட்டா, எங்க வெச்சேன்னு. வாய்க்கால்ல உட்டுட்டேன்னு சொன்னேன். சொன்னா தெனமும் அங்க வந்து உக்காந்துக்குவா, ஒடம்பு என்னத்துக்கு ஆகும். சும்மா சொன்னதுதான்.  வருசா வருசம் அந்த மழைக்கு, வாய்க்கால் மதகுல போயி நின்னு ஒரு கைப்பிடி ராகி எடுத்துப் போடுவா. மீனுக்குப் போடறான்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே மாட்டேங்குது. அது பொட்டப்புள்ளைன்னு நான் இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அவளும் பாக்கல. அப்பறம் எப்படிப் புள்ளைகிட்ட அக்கான்னு சொல்லிக் குடுத்தா? எவனோ சொல்லியிருக்கான். நர்சம்மாவோ என்னமோ. இல்லைன்னா அவளுக்கு எப்படித் தெரியும்?

மூஞ்சில தூசி பட்டுருச்சுங்க. ஜன்னலைச் சாத்துங்க சித்தெ.

ஆனை எறங்கிருச்சாட்ட இருக்குது. கேட்டைத் தூக்கறான். நான் எறங்கற எடம் பக்கந்தான், மூணாவது வளைவு. உங்க வேலையும் முடியட்டும், அந்த மிசினைப் போட்டுக்கங்க, பாவம், அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. வேற எதுவும் வேண்டாம், நம்பர் பேரு மட்டுந்தான். நீங்களே சொல்லுங்க, சரியா இருக்குதான்னு பாக்கறேன்.

'ஒட்டி, நெகலி, தோரி.'

தப்புங்க. என்ன நீங்க, இத்தனை நேரம் கேட்டுட்டு மொதலையே உட்டுட்டீங்க. கிருளி. கிருளில இருந்துதான் ஆரம்பிக்கணும். அதை உட்டுட்டு எப்படிங்க எண்ணுவீங்க, கணக்கே தப்பாப் போயிருமே. இங்க பாருங்க, என்ற கையைப் பாத்துச் சொல்லுங்க. இது கிருளி. இது ஒட்டி. இது நெகலி. கிருளி மூத்தது. மறுபடியும் சொல்லுங்க, கிருளி.

ஏனுங்க, எதுக்கு என்னை அப்படிப் பாக்கறீங்க?